பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு மாத்திரைக் குப்பி: மதுப்பழக்க மருந்தாய்வில் பங்கேற்ற ஒருவரின் மதிப்புரை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெரிய மருத்துவமனை ஒன்றோடு இணைந்த ஆய்வுப் பிரிவில், மதுப்பழக்கத்துக்கான மருந்தாய்வு ஒன்றில் சென்ற ஆண்டு 12 வாரங்கள் தன்னார்வலராகப் பங்கேற்றேன். சேர்வதற்கு முன், இப்படி ஓர் ஆய்வுக்குள் போய் வந்தவர் தமிழில் எழுதிய குறிப்பு ஏதாவது கிடைக்குமா என்று பல நாள் தேடினேன்; கிடைக்கவில்லை. அடுத்துத் தேடுகிறவருக்காவது கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. கீழே நான் சொல்லும் குறைகள் பல ஆய்வுப் பிரிவுகளுக்கும் பொதுவானவை என்றே கருதுகிறேன். மருந்தின் பெயரையும் எழுதவில்லை. ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு ஏற்பட்ட பக்கவிளைவுகளை நான் இங்கே விவரித்தால், அதே ஆய்வில் இருக்கும் இன்னொருவர் அதைப் படித்துவிட்டுத் தம் குப்பியில் இருப்பது மருந்தா, ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்தில்லாத போலி மாத்திரையா என்று ஊகிக்கத் தொடங்கிவிடுவார். அந்த ஊகம் ஆய்வையே கெடுத்துவிடும்.

குடியைக் குறைக்க உதவும் மருந்து ஒன்றை ஆராய்கிறார்கள், அதில் சேரப் போகிறேன் என்று திண்டுக்கல்லில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏன்டா தம்பி, காசு குடுத்தா அவங்க குடுக்குற மாத்திரையை எல்லாம் முழுங்கிருவியா?" என்று கேட்டார். அக்காவின் கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

உள்ளே போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆய்வுப் பிரிவு சிகிச்சை நிலையம் அன்று என்பதைத்தான். சிகிச்சை நிலையத்தில் மருத்துவர் உங்கள் நிலையைப் பார்த்து மருந்தைக் கூட்டுவார், குறைப்பார், ஒத்துவரவில்லையென்றால் வேறு மருந்து எழுதுவார். ஆய்வில் அப்படிச் செய்ய முடியாது. எல்லோருக்கும் ஒரே திட்டம், ஒரே அளவு, ஒரே கால அட்டவணை. மருந்து கிடைப்பவர் யார், போலி மாத்திரை கிடைப்பவர் யார் என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறது. உங்களுக்கும் தெரியாது, எதிரே உட்கார்ந்து நாடி பார்க்கிற மருத்துவருக்கும் தெரியாது. இதை வாயிலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள் என்பதை அந்த இடத்தின் முதல் சிறப்பாகக் குறிப்பிடுவேன். "இது உங்களுக்குப் பலன் தராமலே போகலாம்" என்ற வாக்கியத்தை முதல் நாளில் மூன்று பேர் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.

ஆய்வைக் கண்டுபிடித்தது கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் என்ற அரசுப் பதிவேட்டில். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பதிவேடு அது. நோயின் பெயரையும் ஊரின் பெயரையும் கொடுத்தால், ஆள் சேர்க்கும் நிலையில் உள்ள ஆய்வுகளைக் காட்டுகிறது. அதில் இடம்பெற்றுவிட்டாலே அரசு அந்த ஆய்வைச் சோதித்து நற்சான்று கொடுத்துவிட்டது என்று பொருளல்ல என்பதைப் பதிவேடே எச்சரிக்கையாகச் சொல்கிறது. பலர் அதைப் படிப்பதில்லை. தொலைபேசியில் நடந்த முதற்கட்டத் தேர்வு முக்கால் மணி நேரம் பிடித்தது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய, ஆடிட் என்று அழைக்கப்படும் 10 கேள்விகள் அதில் இருந்தன. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள் என்று தொடங்கி, குடியைக் குறைக்கும்படி உறவினரோ மருத்துவரோ சொன்னதுண்டா என்பதில் முடிகிற கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். எனக்கு 21 வந்தது. மறுமுனையில் பேசிய பெண்ணின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சமநிலைக்காகவே நான் நேரில் போனேன்.

நேரில் போன முதல் நாள் திரும்பி வர நேர்ந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் மூச்சுக்கருவியில் ஊத வேண்டும். அளவு சுழியமாக இருந்தால்தான் கையெழுத்துச் செல்லும், ஏனெனில் போதையில் இருக்கும் ஒருவரின் ஒப்புதல் ஒப்புதலாகாது. முந்தைய இரவு பன்னிரண்டரை மணிக்குக் குடியை நிறுத்தியிருந்தேன். காலை எட்டரை மணிக்கு, குளித்து, இட்லி சாப்பிட்டு, காப்பி குடித்து, வேலைக்குப் போகிற தோற்றத்தோடு உட்கார்ந்திருந்த எனக்குக் கருவி, இரத்தத்தில் ஆல்கஹால் 0.018 விழுக்காடு என்று காட்டியது. செவிலியர் அதட்டவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.015 அளவைத்தான் கழிக்கும் என்று எழுதி, எட்டு மணி நேரத்தைப் பின்னோக்கிப் பெருக்கிக் காட்டினார். நான் படுக்கப் போன நேரத்தில் அளவு ஏறத்தாழ 0.14. இந்நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 0.08. அந்த ஒரு காகிதத்தைப் பார்த்தபோதுதான், எத்தனை காலைகளில் என் மகனைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துப் பள்ளிக்கு ஓட்டிச் சென்றிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. வேறு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அளவு முழுமையாக இறங்கும்வரை வரவேற்பறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகே வண்டிச் சாவியைத் திருப்பித் தந்தார்கள்.

ஒப்புதல் படிவம் 22 பக்கம். அமெரிக்காவில் 2019 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட விதியின்படி, முக்கியமான செய்திகளைப் படிவத்தின் தொடக்கத்திலேயே சுருக்கமாகவும் எளிமையாகவும் சொல்ல வேண்டும். அந்த முதல் இரண்டு பக்கங்கள் நன்றாகவே இருந்தன; மீதி இருபதும் வழக்கறிஞர் வழக்கறிஞருக்கு எழுதியவை போலிருந்தன. ஆனால் படித்துக்காட்டிய ஒருங்கிணைப்பாளர் பொறுமைசாலி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் படிவத்தை மூடிவைத்து, "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். நான் புரிந்துகொண்டதை என் வாயால் சொன்ன பிறகே அடுத்த பக்கத்துக்குப் போனார். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம், விலகினால் அதே மருத்துவமனையில் எனக்குரிய வழக்கமான மருத்துவம் பாதிக்கப்படாது என்ற வரியை நான் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. எந்த ஆய்வுப் பிரிவுக்குப் போனாலும் நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்: கையெழுத்தை அவசரப்படுத்துகிறார்களா, வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வரச் சொல்கிறார்களா? அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட அரைமணி நேரம் மாத்திரையோடு தொடர்பில்லாதது. தினமும் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது, "மூன்று" என்றேன். பல ஆண்டுகளாக மனைவியிடமும், குடும்ப மருத்துவரிடமும், என்னிடமும் நான் சொல்லிவந்த எண் அது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு இருந்ததில்லை. அவர் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையையும் ஒரு விஸ்கிப் புட்டியையும் எடுத்து வைத்தார். புட்டியில் இருந்தது தண்ணீர். "வீட்டில் ஊற்றுவது போலவே ஊற்றுங்கள்" என்றார். ஊற்றினேன். அதை அளவுக்குழாயில் சாய்த்துப் பார்த்தார்: 95 மில்லி. அமெரிக்க ஆய்வுகளில் ஒரு 'டிரிங்க்' என்றால் 14 கிராம் தூய ஆல்கஹால், அதாவது 40 விழுக்காடு விஸ்கியில் ஏறத்தாழ 44 மில்லி. என் ஒன்று அவர்கள் கணக்கில் இரண்டுக்கும் மேல். என் மூன்று ஆறரை. என் வாரம் 45. ஆண்களுக்கு ஒரே நாளில் ஐந்து, அல்லது ஒரு வாரத்தில் பதினைந்து என்பதையே மிகுகுடி என்று வரையறுக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் நாம் பழகிய அளவுகள் வேறு. 'லார்ஜ்' என்றால் 60 மில்லி. அதுவே இங்கே ஒன்றரை டிரிங்குக்கு அருகில் வருகிறது. டாஸ்மாக் கடையில் வாங்கும் குவாட்டர் 180 மில்லி. அதில் உள்ள ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம், அதாவது அமெரிக்கக் கணக்கில் நான்குக்கும் மேல். "ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டிங்" என்று கணக்குச் சொல்லி வளர்ந்தவர் இங்கே வந்து ஆங்கிலப் படிவத்தில் 'டிரிங்க்' என்ற கட்டத்தில் எண்ணைப் போடும்போது, அந்த எண் உண்மையிலிருந்து வெகு தூரம் விலகிவிடுகிறது. தவறான எண்ணோடு ஆய்வில் சேர்ந்தால் ஆய்வுக்கும் கேடு. அதைவிட, உங்கள் பாதுகாப்பைக் கணிக்கிற மருத்துவர் தவறான தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுப்பார். சேரப் போகிறவர் தயவுசெய்து வீட்டிலேயே ஒருமுறை தண்ணீரை ஊற்றி அளந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

அதற்குப் பிறகு நாட்காட்டி. கடந்த 90 நாட்களின் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு குடித்தீர்கள் என்று நிரப்ப வேண்டும். லிண்டா சோபல், மார்க் சோபல் என்ற இணையர் வகுத்த முறை அது. யாருக்கு நினைவிருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் பண்டிகை, பிறந்தநாள், சம்பள நாள், விருந்தினர் வந்த நாள் என்று கொம்புகளை நட்டுக்கொண்டால், இடையிலுள்ள நாட்கள் கொடியைப் போலப் பற்றிக்கொண்டு மேலே வருகின்றன. தீபாவளி எந்தத் தேதி என்று ஒருங்கிணைப்பாளரே கேட்டுக் குறித்துக்கொண்டார். மாமியாரின் திவசத்தன்று நான் குடிக்கவில்லை. அடுத்த நாள் இரட்டிப்பாகக் குடித்திருக்கிறேன். சனிக்கிழமைகள் எப்படி இருந்தன என்பது எனக்கு முன்பே தெரியும். செவ்வாய்க்கிழமைகளும் அப்படியே இருந்தன என்பது அந்தத் தாளில்தான் தெரிந்தது.

வாராந்தர வருகைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எடை, இரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம், எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் புதிய குப்பி. கல்லீரல் நொதிகளோடு, இரத்தத்தில் பெத் என்றொரு பொருளையும் அளக்கிறார்கள். கடந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் குடித்த அளவுக்கு அது சாட்சி சொல்லும் என்பதால், நாட்காட்டியில் எழுதியதையும் அதையும் ஒப்பிட முடிகிறது. ஒரு வாரம் நான் குறைத்துச் சொன்னேன். ஆய்வாளர் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, "இரண்டில் எது சரியென்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அந்த இடத்தில் உண்மையைச் சொன்னதற்காக ஒருமுறைகூட எனக்கு எதுவும் பறிபோகவில்லை, ஊதியமும் குறையவில்லை. குடித்த வாரத்துக்கும் குடிக்காத வாரத்துக்கும் ஒரே முகம், ஒரே தொகை. இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் குடிநோயை நன்றாக அறிந்தவர் என்று நினைத்துக்கொள்வேன்.

மொழி ஒரு குறை. ஒவ்வொரு வாரமும், குடிக்க வேண்டும் என்ற வேட்கையை 0 முதல் 6 வரை அளக்கும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பென்சில்வேனியாவில் உருவான அளவுகோல் அது. எனக்குள் நடப்பதை நான் தமிழில்தான் உணர்கிறேன். மாலை ஆறு மணிக்குக் 'கை பரபரக்கிறது'. குளிர்பதனப் பெட்டியைத் திறக்கும்போது 'நாக்கு கேட்கிறது'. விருந்தில் பிறர் கையில் குவளையைப் பார்த்தால் 'மனசு அங்கேயே நிற்கிறது'. இவை மூன்றும் ஒன்றல்ல. ஆங்கிலப் படிவத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். ஒருங்கிணைப்பாளரிடம் இதைச் சொன்னபோது கவனமாகக் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டார். ஆனால் அந்த ஓரக்குறிப்புக்குக் கணினியில் இடமில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொண்டார். நம்மைப் போன்றவர்கள் இத்தகைய ஆய்வுகளில் கூடுதலாகச் சேர்ந்தால்தான் இந்தக் குறை என்றாவது தீரும்.

காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்த நேரங்களில், எனக்கு முன் இத்தகைய நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இன்று குடிநோய்க்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவில் முன்னாள் இராணுவத்தினர் 70 பேர் 12 வாரம் பங்கேற்ற ஆய்வொன்றை ஜோசப் வோல்பிசெல்லியும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் வெளியிட்டார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 54 விழுக்காட்டினர், மீண்டும் கடுங்குடிக்குத் திரும்ப, மருந்து எடுத்தவர்களில் 23 விழுக்காட்டினரே திரும்பினர். அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒத்த முடிவு வந்தது. 1994இல் அந்த மருந்து குடிநோய்க்கு அனுமதி பெற்றது. எழுபது பேர்! ஒரு திருமணப் பந்தியின் ஒரு வரிசைகூட இல்லை. 2006இல் வெளியான கம்பைன் என்ற ஆய்வு பெரியது. 11 மையங்களில் 1,383 பேர். நால்ட்ரெக்சோன் பயனளித்தது என்பதோடு, போலி மாத்திரை எடுத்தவர்கள் உட்பட எல்லாக் குழுக்களிலுமே குடிக்காத நாட்கள் மாதத்தில் கால்பங்கிலிருந்து ஏறத்தாழ முக்கால்பங்காக உயர்ந்தன என்பதும் அதில் தெரிந்தது. யாரோ ஒருவர் வாரந்தோறும் உட்காரவைத்து, எண்ணச் சொல்லி, கேட்டுக்கொள்வதிலேயே ஏதோ நடக்கிறது. எனக்கும் அதுதான் நடந்தது என்று நம்புகிறேன்.

படித்ததில் தூக்கத்தைக் கெடுத்த பகுதியும் உண்டு. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் 1935இல் அமெரிக்க அரசு திறந்த, சிறையும் மருத்துவமனையும் கலந்த நிறுவனத்தில், போதைக்கு அடிமையான கைதிகளை வைத்துப் பல பத்தாண்டுகள் ஆய்வுகள் நடந்தன. ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையாவதன் உடலியல் பற்றி மருத்துவம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்குத் தரப்பட்டு இன்று உலகெங்கும் உயிர்களைக் காக்கும் பியூப்ரெனார்பின் மருந்தின் தன்மையை டொனால்ட் ஜசின்ஸ்கியும் உடன் ஆய்ந்தவர்களும் அறிந்துகொண்டதும் அங்கேதான். ஆனால் அங்கே ஆய்வுக்கு ஒப்புக்கொண்ட கைதிகளுக்கு வெகுமதியாகப் போதைப்பொருளையே கொடுத்திருக்கிறார்கள். அடிமைப்பட்டவனிடம் அதையே காட்டி வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்க செனட் விசாரணைக்குப் பிறகே அங்கு கைதிகள் மீதான ஆய்வு நின்றது. மூச்சுக்கருவி சுழியம் காட்டும்வரை என் கையில் பேனாவைக் கொடுக்காத அந்தச் செவிலியரின் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

இரகசியம் காக்கப்படுமா என்பது பலரின் முதல் அச்சம். வேலை, குடியுரிமை, குடும்பநல நீதிமன்றம் என்று எத்தனையோ கவலைகள். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு இரகசியக் காப்புச் சான்று என்றொரு பாதுகாப்பு உண்டு. போதைப்பொருள் ஆய்வுகளுக்காக 1970இல் சட்டத்தில் இடம்பெற்ற இது, 2017 முதல் அந்நிதி பெறும் ஆய்வுகளுக்குத் தானாகவே கிடைக்கிறது; நீதிமன்ற அழைப்பாணை வந்தாலும் உங்கள் அடையாளத்தை ஆய்வாளர் வெளியிட வேண்டியதில்லை. குழந்தைக்குக் கொடுமை, தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து போன்றவை விதிவிலக்கு. தனியார் நிறுவனம் நடத்தும் ஆய்வு என்றால் இந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓபியாய்டு ஆய்வுகளில் நான் பங்கேற்கவில்லை. முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுத்த வலிமாத்திரையிலிருந்து மீள முடியாமல் போன நண்பர் ஒருவர் வேறோர் இடத்தில் பங்கேற்றார். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அவருக்குக் குலுக்கலில் வந்தது நால்ட்ரெக்சோன் ஊசி. குடிநோய்க்குத் தரும் அதே மருந்து ஓபியாய்டின் வேலையையும் தடுப்பதால் இங்கும் பயன்படுகிறது. அதைத் தொடங்க உடலில் ஓபியாய்டு ஏழு முதல் பத்து நாள் இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால் கடும் முறிவுத் துன்பம் வரும். நான்காம் நாள் வியர்வையும் வயிற்றுப்போக்கும் எலும்புக்குள் குடைச்சலும் தாங்காமல் அவர் விலகிவிட்டார், அதைத் தம் தோல்வியாகவே பல மாதம் எண்ணிக்கொண்டிருந்தார். அவரிடம் யாராவது முன்கூட்டியே இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும்: 2018இல் லான்செட் இதழில் வெளியான, 570 பேர் பங்கேற்ற ஆய்வில், நால்ட்ரெக்சோன் ஊசிக் குழுவில் 72 விழுக்காட்டினரால் மட்டுமே மருந்தைத் தொடங்க முடிந்தது, பியூப்ரெனார்பின் குழுவில் 94 விழுக்காட்டினர் தொடங்கினர். தொடங்க முடிந்தவர்களிடையே இரண்டும் ஏறத்தாழ சமமாகவே பலன் தந்தன. ஆக, நான்காம் நாள் விலகியது அவருடைய மனவலிமையின் குறைவன்று. அதைவிட முக்கியமான ஒன்று: சில நாள் நிறுத்திய உடலுக்குப் பழைய தாங்குதிறன் போய்விடுகிறது, அந்நிலையில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஓபியாய்டு ஆய்வில் சேர்கிற எவரும், விலகினாலும் சரி, முடித்தாலும் சரி, ஓபியாய்டு மிகையால் நின்றுபோகும் மூச்சை மீட்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான் ஒன்றைக் கையில் வாங்காமல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. அமெரிக்காவில் 2023 முதல் அது மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு வருகைக்கு 50 டாலர், வண்டி நிறுத்தும் கட்டணம் தனி. ஓர் அட்டையில் ஏற்றித் தருகிறார்கள். அது வருமானமாகக் கருதப்படுவதால் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கிறார்கள். எனக்கு ஐந்து வாரம் தொகை ஏறவில்லை. நான்கு முறை கேட்ட பிறகே ஏறியது. எனக்கு அது தொந்தரவு மட்டுமே. பேருந்தில் வந்து மணிக்கூலியை இழந்து உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அது அந்த வாரத்தின் மளிகை. ஆய்வுப் பிரிவுகள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. அட்டவணையும் அலுவலக நேரத்துக்குள்ளேயே இருக்கிறது. வாரந்தோறும் அரைநாள் விடுப்பு எடுக்க முடியாதவர் சேர முடியாது.

ஆனால் என் உண்மையான மனக்குறை பன்னிரண்டாம் வாரத்தைப் பற்றியது. அன்று குப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்; கைகுலுக்கினார்கள்; நான்கு சிகிச்சை நிலையங்களின் பெயர் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். இரண்டில் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை, ஒன்று என் காப்பீட்டை ஏற்கவில்லை, நான்காவதில் ஏழு வாரம் கழித்து இடம். பன்னிரண்டு வாரம் ஒரு மனிதனின் ஒவ்வொரு குவளையையும் எண்ணிய இடம், பதின்மூன்றாம் வாரத்தில் அவன் என்ன ஆகிறான் என்று பார்க்க ஏற்பாடு செய்யவில்லை. பதினைந்தாம் வாரத்தில் நான் மூன்று நாள் குடித்தேன். நான்காம் நாள் குடும்ப மருத்துவரிடம் போய், தண்ணீர்ப் புட்டியில் அளந்த எண்ணை முதன்முறையாக அவரிடம் சொல்லி, அனுமதி பெற்ற மருந்தைக் கேட்டு வாங்கினேன். அதற்கான தைரியம் ஆய்விலிருந்து வந்தது, ஏற்பாடு வரவில்லை. சேருமுன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஆய்வு முடிந்த மறுநாள் என்னை யார் பார்ப்பார்கள்?" பெயரும் தேதியும் சொல்லிப் பதில் தருகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தினமும் கடுமையாகக் குடிப்பவர் ஆய்வுக்குத் தகுதி பெறுவதற்காகவோ, மூச்சுக்கருவிக்கு அஞ்சியோ, வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு சித்தப்பிரமையும் உயிராபத்தும் நேரலாம். தொலைபேசியிலேயே நிலைமையைச் சொல்லுங்கள். பாதுகாப்பாக நிறுத்தவைக்கும் வழி அவர்களிடம் உண்டு. குடிப்பழக்கமே இல்லாதவர்களும் ஒப்பீட்டுக்காகத் தேவைப்படுகிறார்கள். என் அலுவலகத் தோழி ஒருவர் மூளைப் படம் எடுத்துக்கொள்ள ஒரே ஒரு நாள் போய் வந்தார்.

தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு: இந்தியாவில் நடக்கும் மருந்தாய்வுகளை 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் காணலாம், 2009 ஜூன் 15 முதல் அங்கே பதிவது கட்டாயம். 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, மருந்தாய்வில் காயமோ கேடோ நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எல்லா ஆய்வும் மாத்திரை ஆய்வு அல்ல என்பதற்குக் கோவாவில் சங்காத் அமைப்பு நடத்திய ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. 377 ஆண்கள் பங்கேற்க, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் பேசிய குழுவில் மூன்று மாதத்தில் 36 விழுக்காட்டினர் தீங்கான குடியிலிருந்து விடுபட்டிருந்தனர். சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் அது 26 விழுக்காடு. ஆய்வு வேண்டாம், உடனே சிகிச்சை வேண்டும் என்பவர் தேசிய உதவி எண் 14446ஐ அழைக்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இருக்கிறது.

போன மாதம் ஒருங்கிணைப்பாளர் ஆறுமாதத் தொடர் விசாரணைக்கு அழைத்தார். கடந்த 90 நாட்களைக் கேட்டார். நாட்குறிப்பைத் திறந்து தேதி தேதியாக வாசித்தேன். 81 கட்டங்களில் சுழியம், ஒன்பதில் எண்கள். ஒவ்வொரு எண்ணையும் அளந்து எழுதியிருந்தேன். அக்காவுக்கு அன்றிரவே அழைத்து அதே ஒன்பது எண்களையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டார். என் குப்பியில் இருந்தது மருந்தா, போலி மாத்திரையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசித் தன்னார்வலர் முடித்த பிறகு கடிதம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் இதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.